மிளகாய்ப் பழம் என்ன நிறம்?

சென்ற தை மாதம் அம்மாவுடன் ஒரு மேட்சிங் சென்டருக்குப் போயிருந்தேன். கையில் ஒரு பட்டுப்புடவை. அதற்கு பிளவுஸ் பிட் எடுக்க வேண்டும். அம்மாவுக்கு அந்தப் புடவை கத்திரிப்பூ கலர். எனக்கு லாவெண்டர். கடைப் பையன் ஊதா என்றான். கூட வந்த அப்பா, "ரோஸ்தானே இது" என்று சொல்லிவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். நாலைந்து கட்டுத் துணியைப் பிரித்துப் போட்ட பிறகு ஒன்று அச்சு அசலாகப் பொருந்தியது. அம்மா அதோடு விடவில்லை. புடவையையும் துணியையும் சேர்த்துப் பிடித்தபடி கடை வாசலுக்கு, வெயிலுக்கு வந்தார். உள்ளே ஒன்றாக இருந்த இரண்டும் வெளியே வேறு வேறாகிவிட்டன. துணியில் நீலம் தூக்கலாக அடித்தது.

"டியூப் லைட்ட நம்பி யாராவது துணி எடுப்பாங்களா?" என்றார் அம்மா.

நிறத்தைப் பற்றி இரண்டு பேர் ஒத்துப்போகவில்லை என்றால் சண்டை பெரும்பாலும் பெயரில்தான். சில நேரம் வெளிச்சத்தில். சிலருக்குப் பிறவியிலேயே கண்ணில். இந்த மூன்றுக்கும் மருந்து மாத்திரை தேவையில்லை. ஆனால் நேற்றுவரை எல்லோரையும் போல நிறம் சொன்ன ஒருவர் இன்று மாற்றிச் சொன்னால், அது வேறு கதை. இந்த நான்கையும் பிரித்துப் பார்க்கத் தெரியாததால் வீட்டில் திட்டு வாங்கும் பிள்ளைகளும் உண்டு, வைத்தியத்துக்குத் தாமதமாக வரும் பெரியவர்களும் உண்டு.

வெளிச்சம் செய்கிற வேலை

துணிக்கென்று தனியாக ஒரு நிறம் கிடையாது. தன்மேல் விழும் வெளிச்சத்தில் சிலவற்றை விழுங்கி, சிலவற்றைத் திருப்பி அனுப்புகிறது; அவ்வளவுதான். இரண்டு வெவ்வேறு சாயங்கள் ஒரு விளக்கின் கீழ் கண்ணுக்கு ஒரே சேதியை அனுப்பலாம். விளக்கு மாறினால் குட்டு வெளிப்பட்டுவிடும். கடை வாசலில் நடந்தது அதுதான்.

மூளையும் சும்மா இருப்பதில்லை. மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் வெள்ளை வேட்டி உண்மையில் மஞ்சளாகத்தான் இருக்கிறது. மூளை விளக்கின் மஞ்சளைக் கழித்துவிட்டு "வெள்ளை" என்று சொல்கிறது. அந்தக் கழித்தல் கணக்கு ஆளுக்கு ஆள் மாறும். 2015 பிப்ரவரியில் ஒரு கவுனின் போட்டோ உலகத்தையே இரண்டாகப் பிரித்தது நினைவிருக்கலாம். பாதிப் பேர் வெள்ளையும் தங்கமும் என்றார்கள், மீதிப் பேர் நீலமும் கருப்பும் என்றார்கள். கவுன் உண்மையில் நீலமும் கருப்பும். தங்கம் என்றவர்களின் கண்ணில் கோளாறு எதுவும் இல்லை. அது நிழலில் எடுத்த படம் என்று அவர்கள் மூளை தானாக முடிவுகட்டி, நிழலின் நீலத்தைக் கழித்துவிட்டது.

பச்சை குத்தினால் ஏன் நீலமாகத் தெரிகிறது?

என் அம்மாச்சியின் முன்கையில் ஒரு தேள் இருந்தது. பச்சை குத்தியது. சின்ன வயதில் அதை உற்றுப் பார்த்து, "இது நீலமால்ல இருக்கு, ஏன் பச்சைங்கறீங்க?" என்று கேட்டிருக்கிறேன். கரியைத் தோலுக்கு அடியில் ஏற்றினால் மேலே நீலம் கலந்த பச்சையாகத் தெரியும். அதற்குப் பச்சை என்று பெயர் வைத்தவர்களுக்கு நீலம் தெரியாமல் இல்லை. தமிழில் பச்சை வெறும் நிறம் மட்டும் இல்லையே! பச்சைத் தண்ணி, பச்சைக் குழந்தை, பச்சைப் புண் இவற்றில் எங்கே நிறம் இருக்கிறது? பசும்பொன் என்கிறோம்; பச்சையாக ஒரு பொன்னை யாரும் பார்த்ததில்லை.

சிவப்பும் அப்படித்தான். செம்மண், செங்கல், செந்நாய், செம்பட்டை முடி, செவலைக் காளை: இவற்றில் ஒன்றைக்கூட ஓவியர் யாரும் சிவப்புப் பெயின்டைத் தொட்டு வரைய மாட்டார். ஆங்கிலத்தில் பிரவுன் என்கிற பெரிய பரப்பைத் தமிழ் செம்மைக்குள்ளேயே வைத்துக்கொண்டது. பழுப்பு என்ற சொல் இருந்தும் பேச்சில் அது பழுத்த இலைக்கும் பழைய காகிதத்துக்கும் மட்டும்தான் வருகிறது. மற்றபடி "காப்பிப்பொடி கலர்". ஜவுளிக் கடைக்குள் போனால் அதே தமிழ் வேறு அவதாரம் எடுக்கும். அரக்கு, வாடாமல்லி, வெங்காயச் சருகு, கிளிப்பச்சை, பாசிப்பச்சை, எம்.எஸ். நீலம் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். மயில்கழுத்து என்பது ஒற்றை நிறம்கூட இல்லை. பாவில் ஒரு நிறம், ஊடையில் ஒரு நிறம் வைத்து நெய்வதால் அசைக்க அசைக்க மாறுவது. இத்தனை பெயரும் வாயில் வரும் அம்மாவுக்கு அப்பாவைவிடக் கண் கூர்மை என்று சொல்ல முடியாது. பழக்கம்தான் கூர்மை.

இதை ஒரு பெரிய மனிதரே தவறாகப் புரிந்துகொண்டார். பின்னாளில் பிரிட்டிஷ் பிரதமரான கிளாட்ஸ்டன், 1858இல் ஹோமரின் காவியங்களைப் பற்றி எழுதிய நூலில், கவிஞர் கடலை ஒயின் போல என்கிறாரே தவிர நீலம் என்று சொல்லவில்லையே என்று வியந்தார். பழைய கிரேக்கர்களுக்கு நிற உணர்வே முழுதாக வளரவில்லை என்று முடிவும் கட்டினார். பெயர் இல்லாததைக் கண் பார்க்கவில்லை என்று எடுத்துக்கொண்டதுதான் பிழை. 1969இல் பிரென்ட் பெர்லின், பால் கே என்ற இரு ஆய்வாளர்கள் 98 மொழிகளை ஒப்பிட்டு, மொழிகள் நிறச் சொற்களை ஏறக்குறைய ஒரு வரிசையில்தான் சேர்த்துக்கொள்கின்றன என்றார்கள். முதலில் கருப்பு வெள்ளை, அப்புறம் சிவப்பு, பிறகு பச்சையும் மஞ்சளும், பின்னர் நீலம். பிரவுன் அதற்கும் பின்னால்தான். இந்த வரிசையைக் குறை சொன்னவர்களும் நிறையப் பேர். ஆனால் நம் காப்பிப்பொடி கலரை நினைத்தால் எனக்கு அது பெரிதாகத் தப்பாகத் தெரியவில்லை.

அதற்காகச் சொல்லுக்கும் பார்வைக்கும் தொடர்பே இல்லை என்றும் தள்ளிவிட முடியாது. ரஷ்ய மொழியில் வெளிர்நீலத்துக்கு கொலுபோய், கருநீலத்துக்கு சீனிய் என்று இரண்டு தனித்தனிச் சொற்கள். பொதுவாக நீலம் என்று ஒரு சொல் கிடையாது. 2007இல் வெளிவந்த ஓர் ஆய்வில், எல்லைக்கு இருபுறமும் உள்ள இரண்டு நீலங்களை ரஷ்யர்கள் சற்று வேகமாகப் பிரித்தறிந்தார்கள். வேலையின் நடுவே மனதுக்குள் எண்களைச் சொல்லிக்கொண்டிருக்கச் செய்தபோது அந்த வேகம் போய்விட்டது. சொல் கைகொடுக்கிறது; கண்ணை மாற்றுவதில்லை. ஜப்பானில் சாலையின் பச்சை விளக்கை இன்றும் நீலத்துக்கான 'ஆஓ' என்ற சொல்லால்தான் சொல்கிறார்கள். அதனால் அங்கே யாரும் சிக்னலில் குழம்பி நிற்பதில்லை.

மாமா பறித்த மிளகாய்

எங்களுக்கு ராமநாதபுரம் பக்கம். குண்டு மிளகாய் விளைகிற மண். பழம் எடுக்கும் நாளில் வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் காட்டில் இறங்க வேண்டும். அந்தக் காலத்தில் அம்மா இரண்டு பாத்தி முடிப்பதற்குள் அவர் தம்பி, என் மாமா, அரைப் பாத்திகூடத் தாண்டியிருக்க மாட்டாராம். அவர் பெட்டியில் பாதி பச்சைக்காய் கிடக்கும். செடியில் கண்ணைப் பறிக்கும் பழங்கள் அப்படியே தொங்கும். "கண்ண எங்கடா வச்சிருக்க?" என்று அம்மாச்சி முதுகில் ஒன்று வைப்பார். சோம்பேறி என்று ஊரே முடிவு செய்துவிட்டது. மாமா மட்டும் விரலால் கண்டுபிடித்துக்கொண்டார்: பழுத்தது கைக்கு லேசாகத் தளர்ந்திருக்கும், காய் விறைப்பாக இருக்கும். அதன்பின் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துப் பறித்தார். அதனால்தான் அத்தனை மெதுவு.

பத்தொன்பது வயதில் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று போனார். ஓடினார், தாண்டினார், எடை தூக்கினார். கடைசியில் ஒரு புத்தகத்தைப் பிரித்துக் காட்டினார்கள். பக்கம் முழுக்கப் புள்ளிகள். முதல் பக்கத்தில் 12 என்று சரியாகச் சொன்னார். அது எல்லோருக்கும் தெரிகிற பக்கம். பின்னால் ஒரு பக்கத்தில் 21 என்றார். மற்றவர்களுக்கு அதில் தெரிவது 74. அன்றைக்குத்தான் வீட்டுக்கு விஷயம் தெரிந்தது.

அந்தப் புள்ளிப் புத்தகத்தை உருவாக்கியவர் ஜப்பானிய மருத்துவர் ஷினோபு இஷிஹாரா. ராணுவத்துக்காகத் தொடங்கிய வேலை, 1917இல் வெளிவந்தது. நூறு ஆண்டு கடந்தும் கண் மருத்துவமனைகளில் முதலில் நீட்டப்படுவது அதுதான்.

விழித்திரையில் நிறம் பார்க்கும் கூம்புச் செல்கள் சுமார் 60 லட்சம். அவற்றில் மூன்று வகை. நீலத்துக்கு ஒன்று தனியாக நிற்கிறது. மற்ற இரண்டும், அதாவது சிவப்புப் பக்கம் பார்ப்பதும் பச்சைப் பக்கம் பார்ப்பதும், ஏறக்குறைய இரட்டைப் பிள்ளைகள். அவை அதிகமாக உணரும் ஒளியின் அலைநீளத்தில் 30 நானோமீட்டர்தான் வித்தியாசம். அந்தச் சின்ன இடைவெளியை வைத்துத்தான் பச்சை இலைக்குள் சிவப்புப் பழம் நமக்குத் துள்ளித் தெரிகிறது. இரண்டில் ஒன்று இல்லாமல் போனாலோ, ஒன்று மற்றதன் பக்கம் நகர்ந்துவிட்டாலோ பழமும் இலையும் ஒரே மங்கலுக்குள் போய்விடும்.

இதை நிறக்குருடு என்று சொல்வது எனக்குப் பிடிக்காது. மாமாவுக்கு வானம் நீலம்தான், எலுமிச்சம்பழம் மஞ்சள்தான். சில ஜோடிகள் மட்டும் ஒட்டிக்கொள்கின்றன: சிவப்பும் பச்சையும், காப்பிப்பொடியும் பாசிப்பச்சையும், ரோஸும் சாம்பலும். எல்லாமே கருப்பு வெள்ளையாகத் தெரியும் நிலையும் உண்டு. அது மிக அரிது. அவர்களுக்கு வெளிச்சமே கூசும், பார்வையும் மங்கல்.

ஜாடிக்குள் இருந்த டால்டன்

அணுக் கொள்கை தந்த ஜான் டால்டனுக்கும் இதே குறை. ஜெரேனியம் பூ பகலில் அவருக்கு வானத்து நீலமாகத் தெரிந்தது, மெழுகுவத்தி வெளிச்சத்தில் சிவப்புப் பக்கம் சாய்ந்தது. மற்றவர்களைக் கேட்டால் இரண்டிலும் பூ மாறவே இல்லை என்றார்கள், அவருடைய தம்பியைத் தவிர. 1794இல் மான்செஸ்டரில் இதைப் பற்றி உரை நிகழ்த்தினார். முத்திரை வைக்கும் சிவப்பு அரக்கும் ஒரு பச்சை இலையும் தனக்கு ஒன்று போலத் தெரிவதாகச் சொன்னார். கண்ணுக்குள் இருக்கும் திரவம் நீலமாக இருப்பதால்தான் இப்படி என்று நம்பி, தான் இறந்த பிறகு கண்ணை அறுத்துப் பார்க்கும்படி சொல்லிவைத்தார். 1844இல் இறந்தார், மறுநாளே பார்த்தார்கள். திரவம் தெளிந்த நீர் போல இருந்தது. அவர் கணக்கு தப்பு.

ஆனால் கண்ணைத் தூக்கி எறியவில்லை. எஞ்சியதைப் பத்திரப்படுத்தி வைத்தார்கள். 150 ஆண்டு கழித்து, 1995இல், அதிலிருந்து மரபணுவை எடுத்துப் பார்த்தபோது பச்சைப் பக்கம் பார்க்கும் கூம்புக்கான மரபணு இல்லை என்று தெரிந்தது. பல ஐரோப்பிய மொழிகளில் இந்தக் குறைக்கு இன்றும் அவர் பெயர்தான்.

தாய்மாமன் வழி

சிவப்பு, பச்சைக் கூம்புகளுக்கான மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கின்றன. ஆணுக்கு எக்ஸ் ஒன்றுதான். அதில் பழுது என்றால் மாற்று இல்லை. பெண்ணுக்கு இரண்டு, ஒன்று பழுதானாலும் மற்றது சமாளித்துக்கொள்ளும். அதனால்தான் ஐரோப்பிய வம்சாவளியில் ஆண்களில் 12 பேரில் ஒருவருக்கும் பெண்களில் 200 பேரில் ஒருவருக்கும் இது இருக்கிறது. ஆசியாவில் இதைவிடச் சற்றுக் குறைவு.

அப்பாவிடமிருந்து மகனுக்கு இது வராது. தாய்வழித் தாத்தாவுக்கோ தாய்மாமனுக்கோ இருந்தால் பையனைப் பரிசோதித்துப் பாருங்கள். அம்மா குறையைச் சுமப்பவராக இருந்தால் ஒவ்வொரு மகனுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. மாமனையோ அத்தை மகனையோ கட்டும் வழக்கமுள்ள குடும்பங்களில் பெண் பிள்ளைகளுக்கும் வரும் வாய்ப்பு சற்றுக் கூடும். அப்பா, அம்மா இருவர் பக்கமும் அதே பழுதான எக்ஸ் இருக்க இடமுண்டு என்பதே காரணம்.

பிள்ளை மரத்தண்டுக்குப் பச்சை அடிக்கிறான், இலைக்குக் காப்பிப்பொடி கலர் அடிக்கிறான் என்றால் அடிக்காதீர்கள். மூன்று வயதில் நிறப் பெயர் மாறுவது சகஜம். அது மொழி கற்கும் தடுமாற்றம். ஒன்றாம் வகுப்பிலும் தொடர்ந்தால் கண் டாக்டரிடம் ஒரு புள்ளிப் புத்தகச் சோதனை, ஐந்து நிமிட வேலை. தெரிந்துவிட்டால் கிரேயான்மேல் பெயர் எழுதி ஒட்டலாம். கரும்பலகையில் சிவப்புச் சாக்பீஸ் வேண்டாம் என்று டீச்சரிடம் சொல்லலாம்.

சாலையில் மாமாவுக்குச் சிக்கல் வந்ததில்லை. "மேல எரிஞ்சா நில்லு, கீழ எரிஞ்சா போ" என்பது அவர் கணக்கு. இரவில் தனியாக ஒற்றை விளக்கு மினுங்கினால்தான் யோசிப்பார். லேசான, நடுத்தரக் குறை உள்ளவர்களுக்கு ஓட்டுநர் உரிமம் தரலாம் என்று மத்திய அரசு 2020இல் விதியைத் திருத்தியது. திரைப்படக் கல்லூரியில் சேரத் தடை கூடாது என்று 2022இலும், தமிழ்நாட்டு மின் துறையில் உதவிப் பொறியாளர் வேலை மறுக்கப்பட்டவருக்கு வேலை தரச் சொல்லி 2023இலும் உச்ச நீதிமன்றம் சொன்னது. ரயில் எஞ்சின் ஓட்டுவது போன்ற வேலைகளில் கட்டுப்பாடு இருப்பதில் எனக்கு மறுப்பில்லை. பிளஸ் டூ முடித்து, கோச்சிங்குக்குப் பணம் கட்டி, கடைசி நாள் மெடிக்கலில் அது தெரியவருவதுதான் கொடுமை.

இதைக் குணப்படுத்த இன்று மருந்து இல்லை. நிறம் காட்டும் கண்ணாடி என்று விற்பவை சில ஜோடிகளை அழுத்தமாகப் பிரித்துக் காட்டும், அவ்வளவே. இல்லாத கூம்பை அது தராது. 2009இல் பிறவியிலேயே இந்தக் குறை உள்ள இரண்டு அணில் குரங்குகளுக்கு மரபணு சிகிச்சை செய்து சிவப்பும் பச்சையும் பிரித்தறிய வைத்தார்கள். அதில் ஒரு குரங்குக்கு வைத்த பெயர் டால்டன்.

புதிதாக மாறினால்

பிறவிக் குறை இரண்டு கண்ணிலும் ஒன்றுபோல இருக்கும், வயதோடு கூடாது. இதற்கு மாறாக ஒரு கண்ணில் மட்டும் நிறம் வெளுத்தாலோ, சில வாரங்களில் மாறினாலோ அது நோயின் குரல்.

காசநோய்க்குத் தரும் நான்கு மருந்துகளில் ஒன்று எத்தாம்பியூட்டால். சிலருக்கு அது பார்வை நரம்பைத் தாக்கும். எழுத்து மங்குவதற்கு முன்பே சிவப்பும் பச்சையும் மங்கலாம். மாத்திரை சாப்பிடுபவர் தினமும் ஒரு கண்ணை மூடி, பாட்டிலின் சிவப்பு மூடி போல ஏதாவது ஒன்றைப் பார்த்து, மறு கண்ணாலும் பார்த்துக்கொள்வது நல்லது. வெளுத்துத் தெரிந்தால் அன்றைக்கே டாக்டரிடம் சொல்ல வேண்டும். தானாக மாத்திரைகளை நிறுத்திவிடக் கூடாது. அதே சிகிச்சையில் ரிஃபாம்பிசின் சிறுநீரை ஆரஞ்சுச் சிவப்பாக்கும். அது ரத்தம் இல்லை, பயப்பட வேண்டாம். இதை யாரும் முன்கூட்டிச் சொல்லாததால் பயந்து மருந்தை விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பார்வை நரம்பு வீங்கினாலும் முதலில் வெளுப்பது சிவப்புதான். கண்ணை அசைத்தால் வலியும் சேர்ந்தால் காத்திருக்காதீர்கள். நாள்பட்ட சர்க்கரை நோயில் நீலமும் மஞ்சளும் தடுமாறும், விழித்திரையில் கசிவு தெரிவதற்கு முன்பேகூட. காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பது பழமொழிக்குச் சரி. காமாலைக்காரர்கள் சாதாரணமாக அப்படிப் பார்ப்பதில்லை. உண்மையில் மஞ்சளாகக் காட்டுவது இதயத்துக்குத் தரும் டிஜாக்சின், அளவு மிஞ்சினால்.

காமாலையைப் பார்ப்பதற்கும் அம்மாவின் கடை வாசல் விதிதான். பிறந்த குழந்தையை ஜன்னலோரப் பகல் வெளிச்சத்தில் வைத்து, நெற்றியிலோ நெஞ்சிலோ விரலால் அழுத்தி எடுங்கள். அழுத்திய இடம் மஞ்சளாகத் தெரிகிறதா பாருங்கள். மஞ்சள் திரை, மஞ்சள் பல்பு இரண்டும் ஏமாற்றும். பிறந்து ஒரு நாளுக்குள் மஞ்சள் வந்தாலோ, உள்ளங்கால்வரை இறங்கினாலோ, குழந்தை பால் குடிக்காமல் துவண்டாலோ உடனே மருத்துவமனை. அங்கே வைக்கும் நீல விளக்கின் வேலையை வாசல் வெயில் செய்யாது. நம் தோலில் 'சிவந்திருக்கிறதா, நீலம் பாரித்திருக்கிறதா' என்று தேடுவதும் கஷ்டம். மாநிறத்தில் சிவப்பு, கருமையாகவோ ஊதாவாகவோதான் தெரியும். நீலம் பாரிப்பதை நாக்கிலும் உதட்டின் உள்பக்கத்திலும், சோகையைக் கீழ் இமையின் உள்ளேயும் பாருங்கள்.

சொட்டு நீலம்

வயதாக ஆகக் கண்ணின் லென்ஸ் மஞ்சளாகும். கண்புரையில் இன்னும் மோசம். மெல்ல மெல்ல நடப்பதால் நமக்கே தெரியாது. நீலம்தான் அதிகம் அடிபடும். ஓவியர் மோனே இப்படித்தான் சிவப்பும் காப்பிப்பொடியும் கலந்த படங்களாக வரைந்துகொண்டிருந்தார். 1923இல் ஆபரேஷன் செய்த பிறகு எல்லாமே நீலம் என்று அலுத்துக்கொண்டார்.

மாமாவுக்குப் போன ஆவணியில் வலது கண்ணில் ஆபரேஷன். மறுநாள் கட்டைப் பிரித்ததும் வானத்தைப் பார்த்து வாய் பிளந்தார். "இப்பவாச்சும் மிளகாப் பழம் தெரியுதாடா?" என்று அம்மா கேட்டார். "அது எங்கக்கா தெரியும்" என்று சிரித்தார். லென்ஸைத்தானே மாற்றினார்கள், கூம்பு அதே கூம்பு.

மூன்றாம் நாள் வேட்டியை எடுத்துக் கட்டப் போனவர் அத்தையைக் கூப்பிட்டார். "ஏன், சொட்டு நீலத்த பாட்டிலோட கவுத்திட்டியா?"

"எப்பயும் போடுறதுதான் போட்டேன். வெள்ளையாத்தானே இருக்கு? ஆபரேசன் பண்ணுனதுல இருந்து உங்களுக்கு எல்லாமே நீலந்தான்" என்றார் அத்தை.

நியாயமான பதில்தான். இருந்தாலும் வேட்டியை வாங்கி வாசல் வெயிலுக்குக் கொண்டுபோய் விரித்துப் பார்த்தேன். நல்ல நீலம். அத்தையைக் கூப்பிட்டு அதே வெயிலில் காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "வெள்ளைதான்" என்றார்.

அத்தைக்கு அறுபத்தாறு வயது. அடுத்த செவ்வாய்க்கிழமை மாமாவை செக்கப்புக்கு அழைத்துப் போனபோது, அத்தைக்கும் ஒரு சீட்டு போட்டோம்.